கார் யாரிடம் பேசுகிறது? காப்புறுதிக் கட்டணமும் ஓட்டுநரின் தகவலும்

பட்டர்வொர்த்தில் புறப்படும் கொமுட்டர் ரயில் முதலில் நிற்கும் இடம் புக்கிட் தெங்கா. ஆனாலும் ரயிலை நம்பி வாழும் வட்டாரம் இல்லை இது. ஒரு பக்கம் ஜூரு டோல், மறுபக்கம் பிறை, புக்கிட் மின்யாக் தொழிற்பேட்டைகள். பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் மாறும் நேரத்தில் கார், மோட்டார்சைக்கிள், தொழிற்சாலை பஸ், கொள்கலன் லோரி எல்லாம் ஒரே சாலையில் முட்டி நிற்கும். தோட்டங்களை விட்டு வெளியேறித் தாமான்களிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் குடியேறிய குடும்பங்களுக்குக் கார் ஆடம்பரம் அல்ல. அது இல்லாவிட்டால் வேலைக்குப் போக முடியாது.

புதுக் கார் எடுக்கும் நாளில் பெரும்பாலான ஷோரூம்களில் நடப்பது ஒன்றுதான். விற்பனையாளர் வாங்குபவரின் கைப்பேசியைக் கேட்டு வாங்கி, காருக்குரிய செயலியை இறக்கி, இரண்டு மூன்று இடங்களில் 'சம்மதம்' என்பதைத் தட்டித் திருப்பிக் கொடுக்கிறார். மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைக்கும் அவசரத்தில், அந்தச் சம்மதம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

அந்த ஒரு தட்டலுக்கு என்ன விலை என்பது 2024-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிச்சத்துக்கு வந்தது.

அவ்வாண்டு மார்ச் மாதம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. சியாட்டல் நகருக்கு அருகில் வசிக்கும் ஒருவர் ஷெவ்ரலே போல்ட் மின்சாரக் கார் ஓட்டுகிறார். அவரால் விபத்து எதுவும் நேர்ந்ததில்லை. இருந்தும் 2022-இல் அவருடைய காப்புறுதிக் கட்டணம் 21 விழுக்காடு ஏறியது. வேறு நிறுவனங்களைக் கேட்டார்; அவர்கள் சொன்ன விலையும் அதிகம். லெக்சிஸ்நெக்சிஸ் என்ற தகவல் நிறுவனம் அவரைப் பற்றி வைத்திருக்கும் அறிக்கைதான் ஒரு காரணம் என்று முகவர் ஒருவர் சொல்ல, அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கினார். 258 பக்கம். ஆறு மாதத்தில் அவரும் அவர் மனைவியும் அந்தக் காரில் போன 640 பயணங்கள் அதில் இருந்தன. எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், எத்தனை மணிக்கு முடித்தார்கள், எவ்வளவு தூரம், எத்தனை முறை திடீரென்று பிரேக் பிடித்தார்கள், எத்தனை முறை வேகம் கூட்டினார்கள், எல்லாம் வரிசையாக.

அந்தத் தகவலைக் கொடுத்தது காரைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம். 'ஸ்மார்ட் டிரைவர்' என்ற பெயரில், நன்றாக ஓட்டப் பழகுவதற்கான இலவச வசதியாக அது வாடிக்கையாளர்களிடம் காட்டப்பட்டது. பின்னால் தகவல் லெக்சிஸ்நெக்சிஸுக்கும் வெரிஸ்க் என்ற இன்னொரு நிறுவனத்துக்கும் போனது. அங்கிருந்து காப்புறுதி நிறுவனங்களுக்குப் போனது. செய்தி வெளிவந்த சில நாட்களிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் அந்தப் பகிர்வை நிறுத்தியது.

விவகாரம் அதோடு முடியவில்லை. 2024 ஆகஸ்டில் டெக்சஸ் மாநிலத் தலைமை வழக்கறிஞர் கென் பாக்ஸ்டன் வழக்குத் தொடுத்தார். 1 கோடியே 40 லட்சத்துக்கும் அதிகமான வாகனங்களிலிருந்து தகவல் திரட்டப்பட்டதாகவும், அதில் டெக்சஸ் மக்கள் மட்டும் 18 லட்சம் பேர் என்றும் அவர் குற்றம் சாட்டினார். 2025 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையமும் நடவடிக்கை எடுத்தது. கார் இருக்கும் இடத்தையும் ஓட்டும் விதத்தையும் சில சமயம் 3 விநாடிக்கு ஒரு முறை அந்த நிறுவனம் பதிவு செய்தது என்றும், மக்களைச் சேர்த்த முறை அவர்களைத் திசை திருப்புவதாக இருந்தது என்றும் ஆணையம் கூறியது. 5 ஆண்டுகளுக்கு அத்தகவலை இத்தகைய நிறுவனங்களிடம் கொடுக்கக்கூடாது என்ற உத்தரவு 2026 ஜனவரியில் இறுதி செய்யப்பட்டது.

கார் புதிதாக இல்லாதவர்களும் தப்பவில்லை. 2025 ஜனவரியில் டெக்சஸ் தொடுத்த இன்னொரு வழக்கு ஆல்ஸ்டேட் காப்புறுதி நிறுவனத்தின் மீதும் அதன் துணை நிறுவனமான அரிட்டி மீதும். குடும்பத்தார் இருக்குமிடம் காட்டும் செயலி, எண்ணெய் விலை பார்க்கும் செயலி போன்றவற்றுக்குள் ஒரு சிறு மென்பொருளைப் புகுத்தி, நாலரைக் கோடி அமெரிக்கர்களின் கைப்பேசி வழியே அவர்கள் பயணம் செய்யும் விதம் சேகரிக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசிக்கு, அதை வைத்திருப்பவர் காரை ஓட்டுகிறாரா அல்லது பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்திருக்கிறாரா என்பது எப்படித் தெரியும்? டெக்சஸ் கேட்பதும் அதைத்தான்.

இங்கே என்ன நிலைமை?

அமெரிக்கக் கதைக்குத் தேவைப்பட்டவை மூன்று. இணையத்தோடு பேசும் கார், ஆளுக்கு ஆள் விலை மாற்றும் உரிமையுள்ள காப்புறுதி நிறுவனம், படிக்காமல் கொடுத்த சம்மதம். மூன்றும் மலேசியாவில் இருக்கின்றன.

முதலில் கார். 2018 டிசம்பரில் புரோட்டோன் எக்ஸ்70 வந்தபோது 'ஹாய் புரோட்டோன்' என்று கூப்பிட்டால் பதில் சொல்லும் கார் என்று எல்லாரும் வியந்தார்கள். 2020-இல் ஹோண்டா சிட்டியோடு 'ஹோண்டா கனெக்ட்' வந்தது. 2022 இறுதியில் பிவைடி அட்டோ 3, 2024 டிசம்பரில் புரோட்டோனின் முதல் மின்சாரக் கார் இ.மாஸ் 7. இந்த வரிசைக் கார்களில் சிம் அட்டையோ அது போன்ற இணைப்போ உள்ளேயே இருக்கிறது. கார் எங்கே நிற்கிறது என்று கைப்பேசியில் பார்க்கலாம், வீட்டில் இருந்தபடியே குளிர்சாதனத்தைப் போடலாம். திருடு போனால் தேடிப் பிடிக்கவும் உதவும். பயன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கைப்பேசிக்கு வரும் அந்தத் தகவல் முதலில் கார் நிறுவனத்தின் கணினிக்குப் போய்விட்டுத்தான் வருகிறது.

பழைய சாகா, மைவி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இப்போது இல்லை. அவர்களுக்கு வேறு கவலை: பழைய கார் என்பதற்காகக் காப்புறுதி நிறுவனம் போடும் கூடுதல் கட்டணம்.

அந்தக் கூடுதல் கட்டணத்தின் கதையிலேயே இரண்டாவது விஷயம் இருக்கிறது. பல ஆண்டுகளாக இந்நாட்டில் கார் காப்புறுதி விலை ஒரே அட்டவணைப்படி இருந்தது. இயந்திரத்தின் சிசி, காரின் மதிப்பு, தீபகற்பமா சபா சரவாக்கா என்பதை வைத்து விலை. எந்த நிறுவனத்திடம் போனாலும் ஏறக்குறைய அதே தொகை. பேங்க் நெகாரா 2016 ஜூலை முதல் இதைப் படிப்படியாகத் தளர்த்தி, 2017 ஜூலை 1 முதல் முழுக் காப்புறுதிக்கும், மூன்றாம் தரப்பு, தீ, திருட்டுக் காப்புறுதிக்கும் விலையை நிறுவனங்களே முடிவு செய்யலாம் என்று விட்டது. வெறும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் அட்டவணையிலேயே இருக்கிறது.

விலையை எதை வைத்து நிர்ணயிப்பார்கள் என்று அப்போது பொதுமக்களுக்கு விளக்கம் தரப்பட்டது. ஓட்டுநரின் வயது, காரின் பாதுகாப்பு வசதி, கார் எந்த வட்டாரத்தில் இருக்கிறது, போக்குவரத்துக் குற்றப் பதிவு, இவற்றோடு கார் சாலையில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. கடைசியாகச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். ஒரு கார் எவ்வளவு ஓடுகிறது என்பதைச் சரியாகச் சொல்லக்கூடிய சாட்சி அந்தக் காரேதான்.

சில நிறுவனங்கள் அந்தத் திசையில் ஏற்கெனவே அடி எடுத்து வைத்துவிட்டன. எத்திகா நிறுவனம் குறைந்த தூரம் ஓட்டுபவருக்குக் கழிவு தரும் திட்டத்தைக் கொண்டு வந்தது. கட்சானா என்ற உள்நாட்டு நிறுவனத்தின் டிரைவ்மார்க் செயலி ஒருவர் ஓட்டும் விதத்துக்குக் கைப்பேசி மூலம் மதிப்பெண் போட்டது. இவை பயனர் தெரிந்தே சேர்ந்த திட்டங்கள். சொல்லிவிட்டுச் செய்வதில் குறை காண ஒன்றுமில்லை.

இரவு ஷிப்டுக்கு மதிப்பெண் குறைவு

நன்றாக ஓட்டுபவனுக்குக் கட்டணம் குறையட்டுமே, அதில் என்ன தவறு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டும் காரை எடுக்கிறார். தினமும் ஜூருவிலிருந்து பாயான் லெப்பாஸ் போய் வருபவருக்கு உள்ள அதே கட்டணத்தை அவரும் கட்டுவது சரியா? இப்போதுள்ள முறையில் என்.சி.டி. மட்டுமே அவருக்கு ஆறுதல். 5 ஆண்டு இழப்பீடு கேட்காமல் இருந்தால் 55 விழுக்காடு கழிவு. அதையும் எல்லாரும் பெறலாம். ஓட்டும் அளவைப் பார்த்தால் அவருக்கு இலாபம்தான்.

ஆனால் எந்தக் கணக்கிலும் ஒருவருக்குக் குறைந்தால் இன்னொருவருக்குக் கூடும். கழிவு என்ற பெயரில் தொடங்குவது, அந்தக் கழிவு கிடைக்காதவருக்கு அபராதமாக முடியும். அந்த இன்னொருவர் யார் என்று பார்த்தால்தான் இது நம் வீட்டுப் பிரச்சினை என்று தெரியும்.

ஓட்டும் விதத்துக்கு மதிப்பெண் போடும் முறைகள் பெரும்பாலும் நான்கைந்து விஷயங்களைப் பார்க்கின்றன: வேகம், திடீர் பிரேக், திடீர் வேகம், ஓடிய தூரம், பின்னிரவில் ஓட்டுவது. இரவில் ஓட்டுவது ஆபத்து அதிகம் என்பதால் மதிப்பெண் குறையும். பிறையிலும் புக்கிட் மின்யாக்கிலும் இரவு ஷிப்ட் வேலை செய்பவர் தூக்கம் வராமல் ஊர் சுற்றுபவர் அல்ல. முதலாளி போட்ட அட்டவணைப்படி வேலைக்குப் போகிறவர். கூடுதல் நேர வேலை செய்தால் இன்னும் பின்னிரவில் வீடு திரும்புவார். அவருடைய கார் அனுப்பும் தகவலில் இந்தக் காரணம் இருக்காது. மணி மட்டும்தான் இருக்கும்.

திடீர் பிரேக்கும் அப்படியே. ஜூருவிலிருந்து சுங்கை டுவா வரை மாலை நெரிசலில் ஓட்டிப் பார்த்தவருக்குத் தெரியும். இரண்டு லோரிக்கு இடையில் மோட்டார்சைக்கிள் புகுந்தால் பிரேக் பிடிக்காமல் என்ன செய்வது? நெரிசல் இல்லாத ஊரில் வீட்டிலிருந்தே வேலை செய்பவருக்கு நல்ல மதிப்பெண் சுலபமாகக் கிடைக்கும். ஓர் உயிரைக் காப்பாற்றப் பிடித்த பிரேக்கும் கவனமில்லாமல் பிடித்த பிரேக்கும் கணினிக்கு ஒன்றுதான்.

இன்னொரு சிக்கல் நம் குடும்ப வழக்கத்தில் இருக்கிறது. கடன் கிடைப்பதற்காகக் கார் அப்பா பெயரில் இருக்கும். மாதத் தவணையை அக்கா கட்டுவார். இரவில் ஓட்டுவது தம்பி. கார் யார் ஓட்டினார்கள் என்று பார்ப்பதில்லை, தான் எப்படி ஓடியது என்று மட்டும் சொல்கிறது. தம்பியின் வேகம் அப்பாவின் பெயரில் ஏறும். சியாட்டல்காரரின் 258 பக்கத்திலும் கணவன் பயணமும் மனைவி பயணமும் ஒரே கணக்கில்தான் இருந்தன.

இதில் லோரி ஓட்டுநர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். செபராங் பிறையில் கொள்கலன் லோரியும் டேங்கர் லோரியும் ஓட்டும் தமிழர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு ஜிபிஎஸ் கண்காணிப்பு புதிதல்ல. 2025 மே 13-ஆம் தேதி தெலுக் இந்தானில் 9 எஃப்.ஆர்.யூ. வீரர்களும், ஜூன் 9-ஆம் தேதி கெரிக்கில் உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேரும் சாலையில் உயிரிழந்த பிறகு, கனரக வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை அக்டோபர் 1 முதல் கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கியது போக்குவரத்து அமைச்சு. இதை எதிர்க்க நியாயமில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளுக்கு முன்னால் தனியுரிமை பேச முடியாது.

வேறுபாடு ஒன்று இருக்கிறது. லோரிக்கான விதி வெளிப்படையானது. யார் பார்க்கிறார்கள், எதற்காக, மீறினால் என்ன தண்டனை என்பது ஓட்டுநருக்கு முன்கூட்டியே தெரியும். அமெரிக்காவில் நடந்தது, பாதுகாப்பு என்று சொல்லி வாங்கியதை விலைக்கு விற்றது. முதலாவதை ஆதரிப்பவர் இரண்டாவதையும் ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பர் 15-இல் அமலுக்கு வந்தது. சட்டம் இருந்தும் 2017-இல் 4 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கைப்பேசி எண்கள் கசிந்த கதையை நாடு மறக்கவில்லை. இலக்கவியல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ கொண்டுவந்த திருத்தம் 2024 ஜூலையில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 ஜனவரி, ஏப்ரல், ஜூன் என மூன்று கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. விதிகளை மீறும் நிறுவனத்துக்கு உச்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாகவும், உச்ச சிறைத் தண்டனை 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகவும் உயர்ந்தது. தகவல் கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும்.

கசிவு என்பது கார்களுக்கும் உண்டு. ஜப்பானில் 21 லட்சத்து 50 ஆயிரம் டொயோட்டா வாடிக்கையாளர்களின் தகவல், கார் இருந்த இடம் உட்பட, சுமார் 10 ஆண்டுகளாகப் பூட்டில்லாமல் கிடந்தது என்பதை 2023 மே மாதம் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2024 டிசம்பரில் வோல்க்ஸ்வேகன் குழுமத்தின் 8 லட்சம் மின்சாரக் கார்களின் தகவல் திறந்து கிடந்தது தெரியவந்தது. கார் எங்கே நிற்கிறது என்பதை வைத்து ஒருவர் எந்த மருத்துவமனைக்குப் போகிறார், எந்த வழிபாட்டுத் தலத்துக்குப் போகிறார், எந்த நேரம் வீட்டில் ஆள் இல்லை என்பதெல்லாம் சொல்லிவிடலாம். கட்டணம் ஏறுவதைவிட இது சில குடும்பங்களுக்குப் பெரிய ஆபத்து.

நம் சட்டத்தில் நல்லது என்னவென்றால், எதற்காகத் தகவல் வாங்கப்படுகிறது, யாருக்குக் கொடுக்கப்படும் என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும். சொன்ன நோக்கத்தைத் தாண்டிக் கொடுக்கக்கூடாது. கொடுத்த சம்மதத்தை எழுத்து மூலம் திரும்பப் பெறலாம்.

ஓட்டை எங்கே என்றால், எழுதப்படும் அந்த நோக்கம் எவ்வளவு அகலமாகவும் இருக்கலாம். 'எங்கள் வணிகப் பங்காளிகளுடன் பகிரலாம்' என்று ஒரு வரி போட்டால் அதற்குள் காப்புறுதி நிறுவனமும் அடங்கும், விளம்பர நிறுவனமும் அடங்கும். மோசில்லா அறக்கட்டளை 2023-இல் 25 கார் நிறுவனங்களின் தனியுரிமைக் கொள்கைகளைப் படித்துப் பார்த்தது. ஒன்றுகூடத் தேறவில்லை. அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 7-வது பிரிவு சொல்கிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தி, காலமெல்லாம் உழைத்து முதல் கார் வாங்கும் ஒருவருக்கு, பல பக்கம் நீளும் சட்ட ஆங்கிலம் அறிவிப்பே அல்ல. பேங்க் நெகாரா இங்கே ஒன்று செய்யலாம். காரிலிருந்து வரும் தகவலை வைத்துக் கட்டணம் ஏற்றினால், அதைப் புதுப்பிப்புக் கடிதத்திலேயே தனி வரியாகக் காட்ட வேண்டும் என்று விதி போடலாம். சியாட்டல்காரருக்கு நடந்ததில் மிகவும் உறுத்துவது 21 விழுக்காடு அல்ல, காரணம் சொல்லப்படாததுதான்.

அதுவரை வாகனமோட்டிகள் கையில் இருப்பது கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது. புதுக் கார் எடுக்கும்போது கைப்பேசியை விற்பனையாளரிடம் கொடுக்காமல் செயலியைத் தானே இறக்கலாம். எது இல்லாமல் கார் ஓடும், எது கட்டாயம் என்று கேட்கலாம். விளம்பரத்துக்கும் மூன்றாம் தரப்புப் பகிர்வுக்கும் தனிக் கட்டம் இருந்தால் அதைத் தட்டாமல் விடலாம். ஓட்டும் மதிப்பெண்ணுக்குக் கழிவு தரும் காப்புறுதி வந்தால், மதிப்பெண் குறைந்தால் கட்டணம் ஏறுமா, அடுத்த ஆண்டு வேறு நிறுவனத்துக்கு மாறினால் அந்த மதிப்பெண்ணும் கூடவே வருமா என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பழைய காரை விற்கும்போது திரையில் உள்ள முகவரிகளையும் தொலைபேசி எண்களையும் அழித்து, செயலியிலிருந்து காரை நீக்க வேண்டும். இரண்டாம் கை கார் வாங்குபவரும், முந்தைய உரிமையாளரின் கைப்பேசியில் தன் கார் இன்னும் தெரிகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அதிகம் பயன்படாத உரிமை ஒன்றும் சட்டத்தில் உண்டு. 30-வது பிரிவின்படி, தன்னைப் பற்றி ஒரு நிறுவனம் என்ன தகவல் வைத்திருக்கிறது என்று எவரும் எழுதிக் கேட்கலாம். கார் நிறுவனத்தையும் கேட்கலாம், காப்புறுதி நிறுவனத்தையும் கேட்கலாம். நகலோடு சாதாரணத் தனிநபர் தகவலுக்கு அவர்கள் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 10 ரிங்கிட். பதில் 21 நாளுக்குள் வர வேண்டும். முடியாவிட்டால் காரணத்தை எழுத்தில் சொல்லி இன்னும் 14 நாள் எடுத்துக்கொள்ளலாம். சியாட்டல்காரர் தன் 258 பக்கத்தைக் கையில் வாங்கியதும் இப்படி ஒரு விண்ணப்பம் எழுதித்தான்.